வழிகாட்டிக்கு முத்திரை குத்தப் போன கதை

ஒரு புத்தகத்தை ஒழித்துக் கட்டுவது என்று போன மாதம் தீர்மானம் செய்தேன். எரிக்கவோ தடை போடவோ எனக்கு அதிகாரம் கிடையாது. எனக்கு இருக்கும் அதிகாரமெல்லாம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதும், பொட்டலங்களில் விலைச் சீட்டு சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும்தான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. என்னைக் கண்டால் மளிகைக்கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். என் மனைவியைக் கண்டால் நான் எழுந்து நிற்பேன்.

புத்தகத்தை அவள்தான் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். தனியாகப் பயணம் செய்வோருக்கான வழிகாட்டி. நானூறு பக்கம்.

"ஏங்க, பத்து நாள் லீவு போடுங்க. ஏரிக்குப் போறோம்."

"எந்த டூர் கம்பெனி?"

"கம்பெனியும் வேண்டாம், கொடி பிடிக்கிறவரும் வேண்டாம். நீங்க, நான், இந்தப் புத்தகம்."

எனக்குத் தண்ணீர் புரையேறியது. அவள் என் தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

அந்த ஏரிக்கு ஒரு பழைய கதை உண்டு. கல்யாணமான புதிதில் அங்கே போகப் புறப்பட்டோம். வழி எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது. யாரையாவது கேட்டிருக்கலாம். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது எவன் வழி கேட்பான்? ஒரே மணிக்கூண்டை நான்கு முறை சுற்றினோம். ஐந்தாவது முறை அவள் மணிக்கூண்டுக்கு வணக்கம் வைத்தாள். ஏரியைப் பார்க்காமலே திரும்பினோம். அதற்குப் பிறகு எங்கே போனாலும் சுற்றுலாக் கூட்டத்தோடுதான். கொடி பிடித்தவர் முன்னால் போவார், நாங்கள் பின்னால் ஓடுவோம். "பத்து நிமிஷம், பாத்துட்டு ஏறுங்க" என்பார். எனக்கு அது சொர்க்கம். அவளுக்கு அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"ஒரு தடவையாவது, போதும்னு எனக்குத் தோணுற வரைக்கும் ஒரு இடத்துல உக்காந்திருக்கணும்ங்க," என்றாள்.

இதற்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது? நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் தொழில் புத்தியைக் காட்டினேன்.

"போலாம். ஆனா புத்தகம் நம்பகமானதா? அச்சடிச்சதெல்லாம் உண்மையா? நான் ஒரு தராசை எப்படிச் சோதிப்பேன்?"

"முத்திரை எடைக்கல்லை வச்சு."

"அதே மாதிரிதான். எடை நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒண்ணை வைக்கணும். நமக்கு நல்லாத் தெரிஞ்சது எது? நம்ம ஊர். புத்தகத்துல நம்ம ஊருக்கு ரெண்டு பக்கம் இருக்கு. அது சரின்னா ஏரிக்கு எழுதினதையும் நம்பலாம். மூணு தப்பு வந்தா புத்தகத்தைக் கடையில திருப்பிக் கொடுத்துடணும்."

அவள் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். "நல்ல யோசனையா இருக்கே!" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா வீட்ல உக்காந்துக்கிட்டு தப்புன்னு சொல்லக்கூடாது. நேர்ல போய்ப் பாக்கணும். மொத்தம் பத்துத் தகவல் இருக்கு."

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தது. அவள் கணக்கு அவ்வளவுதான் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் கடைக்காரன் ஒரு விலைச் சீட்டை ஒட்டியிருந்தான். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

சனிக்கிழமை சோதனை என்று முடிவானது. சாட்சிக்கு மாடி வீட்டுத் தையல்காரரை ஏற்பாடு செய்தேன். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும் மனிதர், யார் பக்கமும் சாயமாட்டார்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசு உறுத்துகிறது. எடைக்கல்லை நம்பி விட்டுவிட எனக்குப் பயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்ட் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தது. அது உண்மை, ஊருக்கே தெரியும். வியாழக்கிழமையே கடிகாரம் பழுது பார்ப்பவரைப் பிடித்து நச்சரித்து அதைச் சரியாக்கிவிட்டேன். கோர்ட்டுக்குப் பின்னால் உள்ள பேக்கரியில் மூன்று மணிக்குச் சுடச்சுட ரொட்டி கிடைக்கும் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாகப் போய், "நாளைக்கு மூணு மணிக்குத் தராசு பாக்க வருவேன்" என்று மட்டும் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. தராசில் தில்லுமுல்லு செய்பவர்களைப் பிடிக்கிறவனே இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் கிளம்பினோம்.

"பையை எடுத்துக்கலையா?" என்றாள் மனைவி.

எடைக்கற்கள் இருக்கும் என் தோல்பை. பழக்கத்தில் எப்போதும் தோளில் இருக்கும்.

"லீவு நாள்ல எதுக்கு?"

"அது இல்லேன்னா ஒரு பக்கமா சாஞ்சு நடப்பீங்க. பாக்க நல்லா இருக்காது."

எவ்வளவு அக்கறை! மாட்டிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் நிமிடம் பிசகாமல் ஓடியது. "தப்பு ஒண்ணு," என்று தையல்காரர் குறித்துக்கொண்டார். மனைவி கடிகாரத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி என்று எழுதியிருந்தது. ஏறினோம். எனக்கு இருநூற்றுப் பதினொன்று வந்தது.

"மறுபடி எண்ணுவோமா?" என்றாள் மனைவி.

எனக்குப் பேச மூச்சு இருந்தால்தானே! வேண்டாம், இருநூற்றுப் பன்னிரண்டே சரி என்று தலையாட்டினேன். தையல்காரர் அதைச் 'சரி' என்று எழுதிவிட்டார். நூலகம், சந்தை நாள், தபால் நிலையம், ரயில் நேரம், உப்புக் கரிக்கும் குழாய் எல்லாமே சரி. குழாயில் குடித்துப் பார்த்தவன் நான்தான். மூன்று மணிக்குப் பேக்கரிக்குப் போனோம். கதவில் 'இன்று விடுமுறை' என்று தொங்கியது. "தப்பு ரெண்டு!" என்றேன். என் குரலில் சந்தோஷம் கொஞ்சம் கூடிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தப்பு போதும். மிச்சம் இருந்ததும் ஒரே தகவல்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து வழியாகப் பத்து நிமிடத்தில் ஆற்றங்கரைக்கு நடந்து போகலாம், அங்கே ஒரு பெஞ்சு இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"சுத்தப் பொய். இந்த மார்க்கெட்ல நான் பாக்காத தராசே இல்ல. அப்படி ஒரு சந்தே கிடையாது," என்றேன்.

"நேர்ல பாக்கணும்னு பேச்சு," என்றார் தையல்காரர்.

"வாங்க காட்டறேன்."

இடது பக்கம் கூட்டிப் போனேன். பிறகு இன்னொரு இடது. பிறகு நேராக. சாயப்பட்டறை வாசலில் போய் நின்றோம். நீலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், யாரையாவது கேட்டா என்ன?"

"நம்ம ஊர்ல நாமளே வழி கேக்கறதா? கொஞ்சம் பொறுங்க அண்ணே."

இன்னும் மூன்று திருப்பம். மறுபடியும் சாயப்பட்டறை. மனைவி அதற்கு ஒரு வணக்கம் வைத்தாள். பிறகு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், "ஏம்மா, ஆத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள். நான்கு வார்த்தை, அவ்வளவுதான். அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியைத் தூக்காமலே கண்ணால் காட்டினாள்.

சந்து இருந்தது. ஒன்பதே நிமிடத்தில் ஆறு வந்தது. பெஞ்சும் இருந்தது. மனைவி அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். காற்று வந்தது. அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் இருக்கிறோம். ஒன்பது நிமிட நடையில் இப்படி ஓர் இடம் இருந்தும், எனக்கு வழி தெரியாது என்பதால் அவளுக்கு அது கிடைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி ஏழு, தப்பு ரெண்டு," என்றார் தையல்காரர். "தங்கச்சி, பத்துன்னு சொன்னியே, இன்னொண்ணு எங்க?"

"வரும் அண்ணே," என்றாள்.

வந்தது. முதுகில் பெரிய மூட்டையோடு ஓர் இளம்பெண் தனியாகக் கரையோரம் நடந்து வந்தாள். கையில் அதே புத்தகம்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்?"

நான் வாழ்க்கையில் முதல் முறையாக அன்றுதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். அது கைக்குத் தெரியவில்லை. கை தானாக எழுந்தது.

"இடது பக்கம். நேராப் போங்க. அஞ்சே நிமிஷம்."

அந்தப் பெண் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தோளில் இருந்த பையைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சிரித்துவிட்டு, என் மனைவி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்களேன்."

மனைவி வலது பக்கம் காட்டினாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வலது பக்கமே போனாள்.

"எதுக்கு அந்தப் பொண்ணு என்னைக் கேட்டுட்டு உன்னையும் கேட்டா?"

மனைவி எங்கள் புத்தகத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்து விலைச் சீட்டை நகத்தால் மெதுவாக உரித்தாள். உள்பக்கத்தில் யாராவது விலைச் சீட்டு ஒட்டுவார்களா? இருபத்திரண்டு வருடமாக விலைச் சீட்டு பார்க்கிறவன் நான். அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:

'இவ்வூரில் வழி கேட்பதானால் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தோல்பையில் எடைக்கற்களோடு வரும் அதிகாரியை மட்டும் கேட்க வேண்டாம். நல்ல மனிதர், தெரியாது என்று சொல்ல மனம் வராமல் ஏதாவது ஒரு பக்கம் கை காட்டிவிடுவார். இதை எழுதுபவரின் காலணி இன்னும் நீலமாகவே இருக்கிறது.'

போன வருடம் ஆற்றுக்கு வழி கேட்ட ஓர் ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

"பத்தாவது தகவல்," என்றார் தையல்காரர், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு. "சரியா, தப்பா சார்?"

தப்பு என்று சொன்னால் மூன்று. புத்தகம் கடைக்குப் போகும், ஏரி வேண்டாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி இன்னும் காலை நீட்டியபடியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று அவளுக்கு இன்னும் தோன்றவில்லை போலிருக்கிறது.

"சரிதான்," என்றேன். "கடிகாரமும் சரிதான். பேக்கரியும் சரிதான். ரெண்டும் என் வேலை."

"தெரியும். பேக்கரிக்காரர் காலையிலயே வந்து அழுதுட்டுப் போனாரு. ரொட்டி வீட்ல இருக்கு," என்றாள் மனைவி.

"நீ இந்தப் பொடி எழுத்தை எப்ப பாத்த?"

"கடையிலயேதான். அஞ்சு வழிகாட்டி இருந்துச்சு. எல்லாத்துலயும் நம்ம ஊரை எடுத்துப் படிச்சேன். உங்களைப் பத்திச் சரியா எழுதியிருந்தது இது ஒண்ணுதான். அதான் வாங்கினேன்."

வீட்டுக்கு வந்ததும் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அவளே எழுதி வைத்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தாள், நான் வழி தவறிவிடக் கூடாதாம்.