ஒன்பது நிமிஷம்

"அந்த விண்வெளி நிலையத்தை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கச் சொல்ல முடியாதாம்மா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

அறிவியல் டீச்சருக்குத் தலை வலித்தது.

"சார், அது மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர் வேகத்துல போகுது. நாளைக்குப் பதினொன்னு பன்னெண்டுக்கு வரும். ஒன்பது நிமிஷத்துல போயிடும்."

"தாளாளர் வரக் கொஞ்சம் முன்னபின்ன ஆகும்னு சொல்லிப் பாரேன். படிச்சவங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

ஒன்றரை வருடம் விண்ணப்பம் எழுதி, ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் ஏரியல் கட்டிய ரேடியோக்காரருக்கு ஏணி பிடித்து வாங்கிய ஒன்பது நிமிடம் அது. மேலே சுற்றும் வீரரிடம் பத்துப் பிள்ளைகள் ரேடியோவில் கேள்வி கேட்கலாம். முதல் கேள்வி, வகுப்பே 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடும் ஏழாம் வகுப்புப் பெண்ணுடையது.

"அங்க சண்டை வந்தா எந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவீங்க?"

ஒரே அறையில் ஆறு பேர் வாழும் வீட்டுப் பெண். மூன்று வருடத்தில் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி. அதற்குப் பதில் வாங்கித் தராமல் விடுவதில்லை என்றிருந்தாள் டீச்சர்.

"சார், நான் நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன். பத்தே முக்காலுக்கே வருதாம்" என்று ஒரு பொய் சொன்னாள்.

தலைமையாசிரியர் தன் பங்குக்குப் பதினைந்து நிமிடம் குறைத்துத் தாளாளரிடம் பத்தரை என்றார். இருபது வருடமாக இந்தப் பள்ளி விழாக்களைப் பார்த்தவர் தாளாளர். பத்தரை என்றால் பதினொன்று என்று அவரே வைத்துக்கொண்டார். மறுநாள் வந்து இறங்கியபோது பதினொன்று ஐந்து. பத்தே முக்கால் தாண்டியும், மேலே இருப்பவர் காத்திருப்பார் என்றே தலைமையாசிரியர் நம்பினார்.

"சார், பேச்சை எல்லாம் அப்புறம் வச்சுக்கலாமே?"

"அப்புறம் யாரும்மா உக்காந்து கேப்பா?"

உண்மைதான்.

"அப்போ ஆளுக்கு ஒரே நிமிஷம் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை! மூணு பேர்தான் பேசறதா இருந்துச்சு. ஒரு நிமிஷம்னா ஏழு பேரைப் போடலாமே!"

டீச்சர் மாடி ஆய்வகத்துக்கு ஓடினாள். ரேடியோக்காரர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர்.

"ஐயா, மேடை மைக்கை நேரா உங்க ரேடியோவுல கோத்துடுங்க, அவர் பேசறது கீழ ஒலிபெருக்கியில வரட்டும். இன்னொரு மைக்கைத் தேடி எடுக்க நேரம் இல்ல. பதினொன்னு பன்னெண்டு ஆச்சுன்னா, யார் என்ன சொன்னாலும் திறந்து விட்டுடுங்க."

"ஆகட்டும் டீச்சர்."

பதினொன்று பன்னிரண்டுக்குத் தலைமையாசிரியர் வரவேற்றுக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே நின்று, வந்துவிட்டது என்று டீச்சர் விரலை மேலே காட்டினாள்.

"கடவுளும் மேலிருந்து வாழ்த்துவதாக அறிவியல் ஆசிரியை சுட்டிக்காட்டுகிறார்!" என்றார் அவர். கைதட்டல்.

அவருடைய ஒரு நிமிடம் நான்கு நிமிடம் ஓடியது. அடுத்துத் தாளாளர், சிறுவயதில் நிலாவைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதை எல்லாம் சொல்லத் தொடங்கினார். நடுவில் தண்ணீர் குடித்தார். அதற்கும் கைதட்டினார்கள். ஐந்து பேர் இன்னும் காகிதத்தோடு காத்திருந்தார்கள். வரிசையின் முதலில் நின்ற பெண் உதட்டுக்குள் கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்று இருபது தாண்டியது.

டீச்சர் மேடையேறித் தாளாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். அடுத்த வருடம் இங்கே வேலை இருக்காது. போகட்டும். அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

பெண் கேட்டாள், கணீரென்று.

ஒலிபெருக்கி கொரகொரவென்றது. அவ்வளவுதான்.

"பதிலே சொல்லலையே, மரியாதை தெரியாத ஆளா இருப்பார் போல" என்றார் தலைமையாசிரியர்.

டீச்சர் மாடியேறினாள். படிகள் கூடிவிட்டதுபோல் இருந்தது. ரேடியோக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவர் வரவே இல்லையா ஐயா?"

"டாண்ணு வந்தாரே! நீங்க சொன்ன நேரத்துக்குத் திறந்து விட்டேன். கீழ பேசினது மொத்தமும் மேல போயிடுச்சு. நாம பேசும்போது அவங்க பேச முடியாதேம்மா. பாவம், பொறுமையாக் கேட்டாரு. பாப்பா கேக்கறதுக்குள்ள தாண்டிப் போயிட்டாரு."

"ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"தாளாளர் தண்ணி குடிக்கப் பேச்சை நிறுத்தினப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டாரும்மா. கைதட்டல்ல உங்களுக்குக் கேட்டிருக்காது."

"என்னன்னு?"

"'அங்கே பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?'ன்னு."