பழம் நுழையாத வீடு

உ

சான்ட்ரிங்ஹாம்,
ஒக்லாந்து.
5.5.1996

அன்புள்ள மைத்துனர் சற்குணத்துக்கு,

பிள்ளையார் துணையால் இங்கே எல்லோரும் சுகம். நீரும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதும்படி உம்முடைய அக்கா ரதிதேவி என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறா. எழுதிவிட்டேன். அவ சமையல் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டா. இனி என் கடிதம்.

உம்முடைய கிழங்குப் பெட்டியால் என் மகள் லோஜனாவின் சம்பந்தம் குழம்பிப் போயிற்று. தாய்மாமன் செய்கிற வேலையா இது?

மாசியில் கிறைஸ்ட்சேர்ச்சிலிருந்து வந்தீர். எங்கள் பிரிட்ஜின் கீழ்த்தட்டைக் காலி செய்து ஒரு பெட்டி டியூலிப் கிழங்கு வைத்தீர். ஒக்லாந்துக் குளிர் அதற்குப் போதாதாம், நல்ல குளிரில் கிடந்து எழும்பினால்தான் தண்டு நீண்டு பூக்குமாம், அது சாதாரண வீட்டு பிரிட்ஜில் நடக்குமா என்று உம்முடைய ஆராய்ச்சி நிலையம் அறிய வேண்டுமாம். அதுவரை சரி. புறப்படும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "அத்தான், ஒரு சின்ன விசயம். வீட்டுக்குள்ள பழம் மட்டும் வைக்காதேங்கோ. பழுக்கிற பழத்தில இருந்து ஒரு வாயு வரும், அது கிழங்குக்குள்ள இருக்கிற பூவைக் கருக்கிப் போடும்" என்றீரே, அது சின்ன விசயமா? வேறு யார் யார் வீட்டில் பெட்டி வைத்தீர் என்று கேட்டேன். வீடுகள் தங்களுக்குள் கதைத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும், ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டு போனீர்.

தமிழன் வீட்டுக்கு வெறுங்கையோடு ஆர் ஐயா வருவினம்? வெள்ளிக்கிழமையில் பிள்ளையாருக்கே வாழைப்பழத்தை நிறுத்திக் கற்கண்டு வைத்தோம், அவர் பொறுத்துக்கொண்டார். சனம் பொறுக்குமா? பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தன் மரத்து ஃபீஜோவாப் பழத்தைப் பை பையாக எங்கள் வாசற்படியில் வைத்தா. நான் அதை இருட்டுப்பட்டதும் எதிர்வீட்டுப் படியில் வைத்தேன். அவர்கள் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க, அந்த வீட்டுக்காரர் பெரிய மனதோடு எனக்கே கொண்டுவந்து தந்தார். கோயிலில் பழக்கமான அன்னம் அக்கா கதலிக்குலையோடு வந்தா. வாசலிலேயே வாங்கிக் கராஜில் நிற்கிற காரின் டிக்கியில் போட்டேன். "ஏன் தம்பி, பழம் ஆகாதோ?" என்று கேட்டா. உமக்குத் தந்த சத்தியம் இருக்கிறதே! "இப்ப சேராது அக்கா" என்று சொல்லி வைத்தேன். அவ்வளவுதான். இந்தக் குமாரசாமிக்குச் சீனி வருத்தம் முற்றிப் போயிற்று, காலை எடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. வருத்தம் பார்க்கச் சனம் வரத் தொடங்கியது. கையில் என்ன? அப்பிள், தோடம்பழம், திராட்சை! சீனி வருத்தக்காரனுக்குத் திராட்சை கொண்டுவருகிற சனத்தை நான் என்ன செய்ய? கார் நாறிப்போய் நான் இப்போது வேலைக்குப் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸிலும் ஒருவர் எனக்கு எழும்பி இடம் தந்தார், என் காலைப் பார்த்தபடி.

இவ்வளவையும் பொறுத்தேன். நேற்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

த்ரீ கிங்ஸிலிருந்து சுந்தரமூர்த்தி குடும்பம் லோஜனாவைப் பார்க்க வந்தார்கள். பொடியன் திலக்சன் கணக்காளர், நல்ல குணம், லோஜனாவோடு வேலியருகே நின்று கதைத்துச் சிரித்ததை நானே பார்த்தேன். ஆனால் வந்த விதத்தைக் கேளும். தகப்பன் கையில் ஒரு தட்டுப் பழம், தாய் செல்வநாயகி கையில் ஒரு தட்டு, பொடியன் கையில் ஒரு முழுப் பெட்டி! சம்பந்தம் பேச வந்தார்களா, பழக்கடையை மூடிவிட்டு வந்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை. நான் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி நேரே கராஜில் வைத்தேன். செல்வநாயகி அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். "ஏன் அண்ணை, எங்கட பழம் உள்ள வரப்படாதோ?" "இல்லை அக்கா, அங்க நல்ல காற்றோட்டம்." நான் வேறு என்னத்தைச் சொல்ல?

அதோடு முடிந்ததா? வந்தவர்களின் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது உமக்குத் தெரியும். கராஜில் வேறு என்ன கிடக்கிறது? அவர்கள் கொண்டுவந்த பழத்தோடு அன்னம் அக்கா முந்தநாள் மறுபடி கொண்டுவந்த குலையையும் சேர்த்து அவர்களுடைய காரிலேயே ஏற்றிவிட்டேன். சுந்தரமூர்த்தி காருக்குள் பேயறைந்தவர் மாதிரி இருந்தார். நாள் வைப்பது பற்றி ஒரு சொல் இல்லாமல் போய்விட்டார்கள். லோஜனா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "அப்பா, என்னைவிட உங்களுக்கு மாமாவின்ட டியூலிப் பல்ப்தான் பெரிசு" என்று உள்ளேயிருந்து சொன்னாள். அந்தப் பிள்ளை எங்களிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. இந்தப் பொடியனைத்தான் பிடித்திருக்கிறது என்று தாயிடம் சொன்னாள்.

ஆகவே, இந்தக் கிழமைக்குள் வந்து உம்முடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போம். வராவிட்டால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கிழங்குக்கும் பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைப்பேன். என் வீட்டுப் படி இனி மிதிக்கவும் வேண்டாம்.

உமக்கும் உம்முடைய குடும்பத்துக்கும் பிள்ளையார் நல்ல புத்தியையும், மிச்சம் இருந்தால் நீண்ட ஆயுளையும் தரட்டும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
வ. குமாரசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் செல்வநாயகி அக்கா போன் எடுத்தா. "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட பிரிட்ஜிலயும் ஒரு பெட்டி கிடக்கோ?" என்றா. "ஓம் அக்கா, கீழ்த்தட்டில கிடக்குது" என்றேன். அவர்கள் வீட்டிலும் உம்முடைய பெட்டிதானாம், அதே சத்தியமாம், பழம் கராஜில்தானாம். சேர்ந்து கிடந்த பழம் முழுவதையும் சம்பந்தம் சாட்டி எங்கள் தலையில் கட்டத்தான் அத்தனை தட்டோடு வந்தார்களாம். அது குலையும் கூடித் திரும்பி வந்ததைக் கண்டுதான் சுந்தரமூர்த்தி பேச்சு மூச்சில்லாமல் இருந்தாராம். இரண்டு வீடும் கதைத்துவிட்டோம். உம்முடைய ஆராய்ச்சி கெட்டால் கெடட்டும். வருகிற ஞாயிறு நாள் வைக்கிறோம், லோஜனா சிரித்துக்கொண்டு திரிகிறாள். பெட்டி கிடக்கட்டும், கலியாணத்துக்குப் பூ தேவை. தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நடக்காது, கட்டாயம் வாரும். தயவுசெய்து வெறுங்கையோடு வாரும்.