செவுள் நோய்க்குப் பூண்டு உருண்டை

புது மாப்பிள்ளை என்ன உளறினாலும் மாமனார் வீட்டில் மறுத்துப் பேச மாட்டார்கள். இந்தச் சலுகையை வைத்துக்கொண்டு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குட்டையிலிருந்த மீன்களையெல்லாம் நான் கொல்லப் பார்த்தேன்.

அப்போது பெரம்பலூரில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. ஆடிப் பதினெட்டு விருந்துக்குத் திருமானூர் மாமனார் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். மாமா கரும்புக் கொல்லையின் ஒரு மூலையை வெட்டிக் குட்டையாக்கி, கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தார். "கரும்ப அழிச்சிட்டு மீன் வளக்குறாராம்" என்று ஊரே சிரித்திருந்தது. மீன் செத்தால் இன்னொரு சிரிப்பை அவரால் தாங்க முடியாது. நான் போன அன்று மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மாமா ஒன்றைப் பிடித்துச் செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்து, ஓரம் அழுகியிருந்தது.

"சத்துக் குறைவு மாமா" என்றேன். (மீன் வளர்ப்பு பற்றி நான் படித்தது ஒரே ஒரு சிறு புத்தகம். அதிலும் கடைசிப் பக்கங்களைக் காணோம்.)

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "செய்ங்க மாப்ள" என்று முடித்துக்கொண்டார்.

மாமியாரும் என் மனைவி செல்வியும் வீட்டிலிருந்த பூண்டு முழுவதையும் உரித்தார்கள். பூண்டு, மஞ்சள், நெல்லிக்காய், மெடிக்கலில் வாங்கிய வைட்டமின் மாத்திரை எல்லாவற்றையும் இடித்து, கடலைப் புண்ணாக்கோடு கஞ்சி ஊற்றிப் பிசைந்து உருண்டை பிடித்தேன். தினமும் சாயங்காலம் கூடையில் வைத்து, மூங்கிலில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். காலையில் பார்த்தால் கூடை காலி. நாலாம் நாள் மீன்கள் மேலே வருவதை நிறுத்திவிட்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவைக் கேலி செய்த பக்கத்துக் கொல்லைக்காரர்களையே வரவழைத்து, சத்துத் தீனி பற்றி அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன்.

செல்வி வீட்டு எருமைப் பாலில் காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். ஒருவர் முதல் வாயிலேயே டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னண்ணே, காப்பில பூண்டு வாட அடிக்குது?"

(எனக்கும் மூன்று நாளாக அடித்தது. என் கை நாற்றம் என்று நினைத்திருந்தேன்.)

மாமா கூரையைப் பார்த்தார். மாமியார் உள்ளே போய்விட்டார். செல்விக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உருண்ட பூரா எருமதாங்க தின்னுது! நீங்க வர்றதுக்கு முன்னாடியே அப்பா போட்ட தீனி ஜாஸ்தியாகி, அழுகித் தண்ணி கெட்டுப்போச்சு. அதான் நோவு. அப்பா தெனம் விடியக்காலம் கழுத்தளவு தண்ணில எறங்கி, கூடையில இருக்குறத அள்ளி எருமைக்குப் போட்டுட்டு, வாய்க்கா தண்ணியத் தொறந்து வுட்டாரு."

(சத்துத் தீனி நோய் வருமுன் கொடுப்பதாம். நோய் முற்றிய மீன் அதில் வாயே வைக்காதாம். காணாமல் போன பக்கங்களில் இதெல்லாம் இருந்திருக்கும்.)

வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமாவைப் பார்த்து அல்ல.

அவர்கள் போனதும், "மொதல்லயே சொல்லிருக்கலாமே மாமா" என்றேன்.

"மீனுக்குத் தண்ணிய மாத்துனா சரியாப் போயிடும் மாப்ள. நீங்க ஆசையா செஞ்சீங்க. உங்க மொகம் வாடிப்போனா நான் எதை மாத்துறது?"

என் டம்ளரில் மிச்சமிருந்த காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தேன்.

இப்போது எனக்கும் ஒரு மாப்பிள்ளை. வந்த மறுநாளே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இதுல கோளாறு இருக்கு மாமா" என்றார். நான் பயபக்தியோடு தலையாட்டினேன். அடுக்களையிலிருந்து செல்வி குரல் கொடுத்தாள்:

"ஏங்க, இப்ப எருமைக்கு எங்க போறது?"