பட்டுப்புடவைக்கு அனுமதி இல்லை

குழந்தைகள் இருக்கிற வீட்டில் நாய் வளர்க்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆள் இந்த ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் பாக்கி இல்லை. கேட்கிற எல்லாருமே குழந்தைகளை நினைத்துத்தான் கேட்பார்கள். வாலை இழுக்கிறது யார், காதுக்குள் க்ரேயானை விடுகிறது யார், நாய்த் தட்டில் கையை விட்டுப் பங்கு கேட்கிறது யார் என்று ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. இரண்டு தரப்பையும் வருஷக்கணக்கில் மேய்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். பிள்ளைகளாலும் தொல்லை இல்லை, நாய்களாலும் தொல்லை இல்லை. நடுவில் தன்னைப் பெரிய புத்திசாலியாக நினைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தால்தான் வம்பு. அந்த ஒருத்தி நான்.

நான் ஒரு கம்பெனியில் லைன் லீடராக, ஒரு வரிசை ஆட்களை வேலை வாங்குகிறவளாக இருந்தவள். முட்டி வலி வந்து வேலையை விட்ட பிறகு, வீட்டின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் புருஷனும் பெண்டாட்டியும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போவார். இடையில் பிள்ளை எங்கே போகும்? என்னிடம்தான் வரும்.

லைனை விட்டு நான் வந்தேனே தவிர, லைன் என்னை விடவில்லை. பிள்ளைகளின் துண்டுக்கு ஒரு வரிசை, டம்ளருக்கு ஒரு வரிசை, ஆய் போகிறதுக்கும் ஒரு வரிசை. ("இன்னாடி இது, வூடா ஃபேக்டரியா?" என்று என் வீட்டுக்காரர் தயாளன் கேட்பார். கேட்டுக்கொண்டே வரிசையில் செருப்பை விடுவார்.)

நாய்களுக்குப் பேர் வைத்தது அவர்தான். பெரியது ஒரு வேலையும் செய்யாது, ஆனால் எல்லார் வேலையையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால் அது சூப்பர்வைசர். சின்னது தெருவிலிருந்து ஒரு வேளை சாப்பாட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்தும் கிளம்பாமல் தங்கிவிட்டது. அதனால் அது ஓட்டி. (ஓவர்டைமை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.) இதில் ஒரு சின்ன சங்கடம் என்னவென்றால், என்னிடம் வருகிற ஒரு பிள்ளையின் அப்பா சீனிவாசன் சார் நிஜமாகவே சூப்பர்வைசர். அவர் வரும்போது மட்டும் நாயை நான் 'சூப்பு' என்று கூப்பிடுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இசக்கியம்மாள் வருகிற வரைக்கும். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் ஒரு ஷிஃப்ட், இவள் ஒரு ஷிஃப்ட். இடுப்பில் முகிலன், ஒன்றரை வயது. கேட்டுக்கு வெளியே நின்றே பேசினாள்.

"எக்கா, நாய்ன்னா எனக்கு ஈரக்குலை நடுங்கும். எம்பிள்ளைய விட்டுட்டுப் போறேன், சரி. ஆனா யாரையாச்சும் பாத்து ஒரே ஒரு தடவை பல்லக் காட்டிச்சின்னு வைங்க, ஒண்ணு அதுக இருக்கணும், இல்ல பிள்ளைக இருக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சொன்னதும் மற்ற அம்மாக்களும் அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததை எடுத்து விட்டார்கள். எல்லாரும் சேர்ந்து அதையே பேசி முடித்தார்கள். ஒரு தடவை முறைத்தாலும் நாய்கள் கிளம்ப வேண்டியதுதான். தயாளன் ரொம்பச் சாதாரணமாக, "வாலாஜாபாத்ல எங்க அக்கா வூட்டாண்ட வுட்ரலாம். வயலுக்குக் காவலா கெடக்கட்டும்" என்றார்.

என் பெண் ஹாஸ்டலுக்குப் போன அன்றைக்கு நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதபோது, பக்கத்தில் வந்து படுத்தது இந்த இரண்டும்தான். தயாளன் அன்றைக்கு ஓட்டி பார்த்துக்கொண்டிருந்தார். (கம்பெனியில். நாயை அல்ல.) இந்த இரண்டையும் அனுப்பிவிட்டு என்னால் இருக்க முடியாது. அதே சமயம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீடு நடத்தவும் முடியாது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பெற்றவர்கள் எல்லாரும் எப்படி வருகிறார்கள்? யூனிஃபார்மில். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் கேட்டுக்கு வருவார்கள். சாம்பல் கலர், நீலக் கலர் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் பாக்கெட் வைத்த சட்டையும் கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டும் எல்லாருக்கும் உண்டு. எனவே யூனிஃபார்ம் போட்ட யார் வந்தாலும் நாய்களுக்கு ஆளுக்கு ஒரு பொறை. டீக்கடையில் டீயில் தோய்த்துத் தின்கிற அதே பொறை ரொட்டிதான். யூனிஃபார்ம் இல்லாமல் வந்தால் பொறை கிடையாது, இஷ்டத்துக்குக் குரைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாளில் இரண்டுக்கும் பாடம் ஏறிவிட்டது. யூனிஃபார்மைக் கண்டால் உட்காரும், வாலை ஆட்டும். கேபிள்காரர் வந்தால் தெருவையே இரண்டாக்கும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? ஒவ்வொரு அம்மாவிடமும் அளந்தேன். "கம்பெனி கேட்ல கூட யாராவது ஏமாத்திட்டு உள்ள போயிடலாம்மா. நம்ம வீட்ல முடியாது. சிஸ்டம் அப்படி."

இசக்கிகூட, "பரவால்லையேக்கா" என்றாள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை என்றால் கல்யாண வீடு தோற்றுப்போகும். காலையில் கொஞ்ச நேரம் வேலை, அப்புறம் மெஷினுக்கு மாலை, மனுஷனுக்குப் பொரி. பையில் கொண்டுபோன பட்டுப்புடவையையும் வேட்டியையும் அங்கேயே மாற்றிக்கொண்டு, ஆளாளுக்கு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு, மதியமே கிளம்பிவிடுவார்கள். நான் பத்து வருஷத்துக்கும் மேல் அந்தக் கூத்தில் இருந்தவள். ஆனால் அன்றைக்கு அது என் மண்டையில் தோன்றவே இல்லை. நான் பாட்டுக்கு மிக்ஸிக்குப் பொட்டு, குக்கருக்குப் பொட்டு, இரண்டு நாய்களுக்கும் நெற்றியில் சந்தனம் குங்குமம் என்று பூஜை முடித்து, பிள்ளைகளுக்குப் பருப்பு சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

வாசலில் ஒரு குரைப்பு. கேபிள்காரர் என்று நினைத்தேன். அப்புறம் அது நிற்கவே இல்லை.

வெளியே வந்து பார்த்தால் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கும்பல். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, பட்டு வேட்டி, கையில் பொரிப் பொட்டலம். எல்லாரும் என் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். இந்தப் பக்கம், நெற்றியில் குங்குமத்தோடு என் சூப்பர்வைசரும் ஓட்டியும், கேட்டில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருந்தன. சொந்தப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர்களை ஒருத்தர் விடாமல் நிறுத்தி வைத்திருந்தன.

"சூப்பர்வைசர், வாயை மூடு" என்று கத்தினேன். சீனிவாசன் சார் எதையோ சொல்ல வந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நாய் மூடவில்லை.

பெரியதின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். சின்னது அதன் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. பெரியதை பாத்ரூமில் தள்ளிப் பூட்டலாம் என்று இழுத்துப்போனால், உள்ளே ஒரு பிள்ளை கோப்பையில் உட்கார்ந்து, "இன்னும் வர்ல" என்றது. திரும்ப வந்து சின்னதைப் பிடித்தால் பெரியது கையிலிருந்து நழுவிவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக் கேட்டுக்கு மேலே கொடுத்துவிடலாம் என்றால், பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டை மறித்து நிற்கிறதே இரண்டும். கேட்டுக்கு வெளியே இசக்கி அரக்குக் கலர் பட்டில், முகம் வெளுத்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே வாலாஜாபாத் தெரிந்தது.

இதற்கு மேல் மானம் போக வழியில்லை என்று நினைத்த நேரத்தில் அந்த ஆள் வந்தார். யாரோ. பெரிய மீசை, சாம்பல் சட்டை, கழுத்தில் ஐடி கார்டு. கும்பலை விலக்கிக்கொண்டு, கேட்டைத் திறந்து, நேராக உள்ளே வந்தார். இரண்டு நாயும் கப்சிப். உட்கார்ந்தன. வாலை ஆட்டின. சூப்பர்வைசர் முன்னாடி நடந்து, அவரைப் பிள்ளைகள் இருக்கிற ஹால் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டது.

பெற்றவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளிடம் யாரோ ஒருத்தன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் சிஸ்டம் பட்டப்பகலில் அவர்கள் கண் முன்னாலேயே வேலை செய்தது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

"ரூம் வாடகைக்கு இருக்குன்னாங்க. இந்தத் தெருவாக்கா?"

எனக்குக் கோபமா, அழுகையா, அவமானமா தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. சாவி அந்த ஆள் மேல் இருக்கிறது. "சட்டையைக் கழட்டுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெளியே நிற்கிற கல்யாணக் கும்பலைப் பார்த்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டையோடு ஐடி கார்டையும் கழற்றிக் கொடுத்தார். அடுத்த நிமிஷம், பனியனோடு நின்ற அவரை இரண்டு நாயும் துரத்த, துணி துவைக்கிற கல் மேல் ஏறி நின்றுகொண்டார். கடைசி வரைக்கும் இறங்கவில்லை, பாவம்.

சட்டையை கேட்டுக்கு மேலே நீட்டினேன். சீனிவாசன் சார் பட்டு வேட்டிக்கு மேலே அதை மாட்டி, ஐடி கார்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நாய்கள் அவருக்கு வழிவிட்டு, கல்லிடம் திரும்பின. அவர் பிள்ளையோடு வெளியே போய், சட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். இப்படியே ஒவ்வொருவராக. காஞ்சிபுரம் பட்டுக்கு மேலே முன்பின் தெரியாத ஆளின் வேர்வைச் சட்டை. தெருவே வேடிக்கை பார்த்தது. நான்தான், "சாரிம்மா, சாரி சார்" என்று ஒவ்வொருவருக்கும் பொறை மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக இசக்கி. பயத்தில் எல்லாரையும் முன்னாடி விட்டுவிட்டு நின்றவள். முகிலன் ஹாலை விட்டு வெளியே வந்து சூப்பர்வைசருக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"முகிலு, வாய்யா. அம்மாட்ட வா" என்றாள் கேட்டுக்கு வெளியிலிருந்து.

பிள்ளை அவளைப் பார்த்தான். பட்டு, தலை நிறையப் பூ, முகத்தில் பவுடர், லிப்ஸ்டிக். வீல் என்று அழுதுகொண்டே நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "டா டா" என்று அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். யாரோ ஒரு ஆன்ட்டியைப் போகச் சொல்கிற மாதிரி.

அவன் பார்த்த அம்மாவுக்கு இரண்டே உடைதான். கம்பெனி யூனிஃபார்ம், ராத்திரி நைட்டி. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டிக்குப் போகிறவள் எப்போது புடவை கட்டப்போகிறாள்? இசக்கி நாய்களையே பார்த்துக்கொண்டு சட்டையை மாட்டி, ஐடி கார்டைக் கழுத்தில் போட்டு, உள்ளே வந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். அப்புறம், "ம்மா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டு மண்ணாகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். "நாளைக்கே வாலாஜாபாத் அனுப்பிடறேன் இசக்கி. ரெண்டையும்." சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாய அனுப்பிட்டா சரியாப் போயிருமாக்கா? எம்பிள்ளைக்கும்லா என்னயத் தெரியல. இவன நான் எங்கன அனுப்ப?"

சூப்பர்வைசர் மெதுவாக வந்து, யூனிஃபார்முக்கு உரிய பொறையை எதிர்பார்த்து அவள் முன்னால் உட்கார்ந்தது. இசக்கி பொரிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி அள்ளித் தரையில் போட்டாள். மற்ற அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நின்று இதைப் பார்த்தார்கள். நாய்களைப் பற்றி அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. (என்னைப் பற்றித் திறந்தார்கள். அது வேறு.) மீசைக்காரருக்குச் சட்டை திரும்பக் கிடைத்தது. இந்தத் தெருவில் ரூம் வேண்டாம் என்று போய்விட்டார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் லுங்கியிலும் சுடிதாரிலும் வந்து நாய்களுக்கு முகம் காட்டினார்கள். இசக்கி ஞாயிறு ஓட்டியை விட்டுவிட்டு, புடவை கட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சும்மா வருவாள். என் வீட்டில் மட்டும் விஷயம் ஓயவில்லை. நான் கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டி அறையை விட்டு வெளியே வந்தால், தயாளன் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா யாரு? இன்னா வேணும்? கார்டு எடுத்துகினு வந்தீங்களா?" என்பார். ஹாஸ்டலிலிருந்து வருகிற என் பெண்ணுக்கும் இதே பாட்டுதான்.

போன ஆயுத பூஜைக்கு யாரும் கம்பெனியில் உடை மாற்றவில்லை. எதற்கு வம்பு என்று யூனிஃபார்மிலேயே பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, உள் அறையில் வரிசையாக மாற்றினார்கள். இசக்கி அதே அரக்குப் பட்டைக் கட்டிப் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் புடவை பழகியிருந்தும் பட்டும் பவுடரும் இன்னும் பழகாத சூப்பர்வைசர் வாசலில் எழுந்து நின்று லேசாக உறுமியது. பேச்சு நன்றாக வந்துவிட்ட முகிலன், சாப்பிடுகிற கையோடு ஓடி வந்து, நாய்க்கும் அவளுக்கும் நடுவில் நின்றான்.

"எங்கம்மாதான். குலைக்காத" என்றான்.

சூப்பர்வைசர் அவன் கையிலிருந்த பருப்பு சாதத்தை நக்கிவிட்டு, ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. இசக்கி திரும்ப உள்ளே போய்க் கண்ணைத் துடைத்து, மறுபடியும் பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள்.