கட்டைவிரல் காது

“ஒண்ணும் கேக்கல.”

“கேக்கும். நல்லாக் கேளு—”

“கேக்கலேங்கேன். ஈ இரைஞ்ச சத்தங்கூட வரல.”

“போன் ஸ்பீக்கர்ல பேஸ் அதிர்வு எப்படி வரும்? ஹெட்போனை மாட்டு ஜெபா.”

ஜெபசுதா மாட்டினாள். துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று அவள் விலாவுக்குள் புகுந்து நங்கூரம் போட்டது.

அந்த ஒலியைக் கம்ப்யூட்டர் சிந்தசைசரில் அலை அலையாகக் குழைத்து, ஃபில்டரை மயிரிழை மயிரிழையாகத் திருகிச் செய்து முடிக்க அவள் கணவன் கிளாட்வினுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. வணிகர் சங்கப் புது மண்டபத் திறப்பு விழாவுக்கான இசை. எடுபடாவிட்டால் மாமனாரின் இரும்புக் கடையில் வந்து நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள், வைவது போல.

‘ஹெட்போனில் கேட்கவும்’ என்று எழுதிச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பினான்.

செவிச்செல்வத்தில் சங்கத்தின் பதினோரு பேர் நிர்வாகக் குழுவை வெல்ல இக்கடற்கரையில் எவருமில்லை. மூன்று நிமிட இசையை நாற்பது நொடியில் கேட்டு முடித்தது. பதினோரு கட்டைவிரல்கள் உயர்ந்தன. “கம்பீரம். இரைச்சலே இல்லை. ‘ஒருமனதாக’ ஏற்கப்படுகிறது,” என்று தலைவர் பொன்னுதுரை அண்ணாச்சி பதிவிட்டார்.

“அண்ணாச்சிட்ட ஹெட்போன் உண்டுமா?”

“சும்மா இரிளா. பாஸாயிட்டு.”

விழாவில் சவுண்ட் சர்வீஸ் பாண்டியராஜ் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுத்தியிருந்தார். இசை தொடங்கியது. அதிர்வில் தண்ணீர் பாட்டில்கள் மேசையோரம் நகர்ந்தன. அடுத்து, மேடைக்கு மேலிருந்த புத்தம்புதிய சீலிங் அட்டைகள் நான்கு, இறங்கி வந்து தலைவரின் காலடியில் அமர்ந்தன. யாருக்கும் காயமில்லை, கௌரவத்துக்கு மட்டும் சிராய்ப்பு.

அங்கேயே ‘அவசரக் கூட்டம்’ கூடியது.

“ஏலே, மண்டபத்தையே இடிச்சிருப்பியே,” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, நீங்க கேட்டுப் பாஸ் பண்ணுனதுதான,” என்றான் கிளாட்வின்.

“நாங்க கேட்டதுல இந்தச் சத்தம் இல்ல.”

அதுவும் உண்மைதான். சீலிங் விழுந்ததற்குக் கிளாட்வினே பொறுப்பு, இனி அவன் இசை சங்கத்தில் ஒலிக்காது என்று தீர்மானம் வந்தது. பதினோரு கட்டைவிரல்கள், இம்முறை நேரிலேயே, உயர்ந்தன. கிளாட்வின் லேப்டாப்பை மூடினான். இரும்புக் கடையின் துரு வாசம் இப்போதே அவன் மூக்கில் ஏறியது.

ஜெபசுதா விழுந்த அட்டையொன்றைத் திருப்பினாள். நான்கு மூலையிலும் ஸ்க்ரூவுக்கான துளை. எதிலும் ஸ்க்ரூ ஏறிய தடமில்லை. கணவனின் போனை வாங்கி, குழுவின் பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். வேலை முடிந்ததாக ஒப்பந்தக்காரர் அனுப்பிய சீலிங்கின் படம். அதன்கீழே பதினோரு கட்டைவிரல்கள்.

“அண்ணாச்சி, இந்தச் சீலிங்கையும் போனுலதான் பாத்தியளா?”