கம்பியூட்டர் தின்ற முகம்

கல்முனைக்குடி,
2009 ஓகஸ்ட் 14.

மதிப்புக்குரிய மச்சான் றவூப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் முஸ்பிறாவும் சுகம். கட்டார் வெயிலில் நீங்களும் வாடாமல் இருக்கத் துஆ செய்கிறோம்.

நிற்க. சுனாமியில் கடல் வந்த அன்று உங்கள் தங்கச்சி சரீபாவோடு வீட்டிலிருந்த படங்களும் போனது உங்களுக்குத் தெரியும். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இப்போது, "உம்மா எப்பிடி இரிப்பா வாப்பா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். உங்கள் கல்யாணத்தில் எடுத்த சரீபாவின் படத்தை ஈமெயிலில் போட்டதாக நீங்கள் போனில் சொன்னதும், சோறு தின்ற கை காயுமுன் மசூரின் இன்டர்நெட் கடைக்கு ஓடினேன்.

மசூர் நல்ல மனிசன்தான். ஆனாலும் அந்நிய ஆம்பிள. என் பொஞ்சாதியின் படத்தை அவர் பார்க்கலாமா? "தம்பி, நீங்க அங்கால திரும்புங்க, வாயால மட்டும் சொல்லுங்க" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மேல 'சேவ்' எண்டு இரிக்கும், அத அமத்துங்க காக்கா" என்றார். நான் எதை அமத்தினேனோ அல்லாஹ்தான் அறிவான், பிரிண்டர் கக்கத் தொடங்கியது. வந்தது நீங்கள்! அதே ஈமெயிலில் நீங்கள் காரோடு நின்று எடுத்து அனுப்பிய படம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக எட்டு மச்சான்! எனக்கு நிப்பாட்டத் தெரியாது, அவரை இந்தப் பக்கம் திரும்பவும் விடமாட்டேன். "காக்கா, என்ன வருது?" என்று அவர் சுவரிடம் கேட்கிறார். ஒன்பதாவது மச்சான் இடுப்போடு நிற்கும்போது கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும் மசூரின் பொஞ்சாதி றாஹிலாவைக் கூப்பிட்டோம். ஆம்பிளைகள் எல்லோரும் வெயிலில் போய் நின்றோம். அந்தப் பிள்ளை படத்தை எடுத்து, கவரில் போட்டு, ஒட்டியும் தந்தது. வீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டு திறந்தால், கம்பியூட்டர் முகத்தைத் தின்றுபோட்டுது மச்சான்! நெற்றி இருக்கிறது, காப்புப் போட்ட கை இருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு மறைப்பு. "இது ஆரு வாப்பா?" என்று முஸ்பிறா கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி இந்த மெசினை நம்பி ஒன்றும் அனுப்பவேண்டாம். படத்தைக் கழுவித் தபாலில் அனுப்புங்கள்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

இப்படிக்கு,
ஜெஸீம்

பி.கு.: கம்பியூட்டரில் பிழை இல்ல மச்சான். அது சரீபாட முந்தானை. அண்டைக்கு உங்கட கல்யாணத்தில நீங்க கமராவத் தூக்கக்குள்ள, "படத்துக்கு நிக்காத, ஆர்ர கையிலெல்லாம் போகுமோ" எண்டு ஏசின நான்தான். அவ சிரிச்சிக்கொண்டே முகத்த மூடினா. நான் பந்தலுக்குப் போன பிறகு நீங்க இன்னொண்டு எடுத்ததா அவவே வந்து சொன்னா. அதுக்கும் ஏசினன். எனக்குப் பயந்துதான் நீங்க அத அனுப்பாம வெச்சிரிக்கிறீங்க. அத அனுப்புங்க. தபால் வேணாம், ஈமெயில்லயே போடுங்க. ஆர் பார்த்தாலும் பரவாயில்ல மச்சான். எனக்கும் பிள்ளைக்கும் அவட முகத்தப் பார்க்கோணும்.