வம்சத்தாருக்கு மட்டும்

பெயின்ட் கடைக்காரர் வாழ்நாளில் எத்தனையோ முடிவுகள் எடுத்திருக்கிறார். அத்தனையையும் மறுநாள் காலைக்குள் அவர் மனைவி மாற்றியிருக்கிறாள். அதனால் இந்தத் தடவை அவள் கை வைக்கவே முடியாத மாதிரி ஒரு முடிவு எடுத்தார். செத்துப்போனவர்களைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

"நம்ம பரம்பரையைத் தேடப் போறேன்" என்றார், டீ டம்ளரை டக்கென்று மேஜையில் வைத்து.

"எங்க தொலைச்சீங்க?" என்றாள் மனைவி.

"விளையாடாதே. எங்க தாத்தாவோட அப்பா யாரு? ஜட்ஜா, மந்திரியா? ஒரு எழவும் தெரியாம இத்தனை வருஷம் டிஸ்டெம்பர் வித்துக்கிட்டு இருந்திருக்கேன். கடையைத்தான் பையன் பார்த்துக்கிறானே. இனிமே நகராட்சி ரெக்கார்டு, மாநில ஆவணக் காப்பகம், ஒண்ணுகூட விடப் போறதில்லை. நம்ம முன் ரூம்தான் ஆபீஸ். சுவர் பூரா வம்ச மரம் வரைவேன். தரை பூரா ஃபைல் இருக்கும்."

"முன் ரூம்லயா?"

"முன் ரூம்லதான்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பரம்பரை மேல் அப்படியொன்றும் பாசம் கிடையாது. பாசமெல்லாம் அந்த முன்னறை மேல்தான். அங்கே ஜன்னல் ஓரமாக அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ரேடியோ இருந்தது. தலைக்கு மேலே ஃபேன். உலகத்தில் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அந்த ராஜ்ஜியத்துக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. மாமியார் இதுவரை இருந்த மச்சினன் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். மாமியாருக்கோ முழங்கால் வலி. இனிமேல் மகள் வீட்டோடு வந்து இருந்துவிடுவதென்று பேச்சு முடிந்துவிட்டது. பெயின்ட் கடைக்காரர் வீட்டில் படுக்கையறைகள் இரண்டும் மாடியில். கீழே இருக்கிற ஒரே அறை முன்னறை. இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

மாமியார் பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பேசுவார். வந்து உட்கார்ந்த மாத்திரத்தில் "எங்க தாத்தா இருந்தாரே, மாப்பிள்ளை..." என்று ஆரம்பிப்பார். உடனே மாப்பிள்ளையின் கை தானாக ரேடியோவுக்குப் போகும். தாத்தா சத்தமாக வரவர ரேடியோவும் சத்தமாக வரும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். மாமியாரை அவர் வாய் நிறைய "அத்தை" என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதற்கு மேல் அந்த அம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

'உங்கம்மா வர வேண்டாம்' என்று சொல்லலாம்தான். சொல்லிவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது?

"அப்போ எங்கம்மா எங்க படுப்பாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அதை நினைச்சாத்தான் எனக்கும் மனசு கஷ்டமா இருக்கு" என்றார், முகத்தைக் கஷ்டப்பட்டுத் தொங்கப் போட்டு. "ஆனா முன்னோர்னு வந்துட்டா நாம என்ன பண்ண முடியும், சொல்லு?"

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம், "நல்ல காரியம். செய்யுங்க" என்று சொல்லிவிட்டாள்.

பெயின்ட் கடைக்காரர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இவ்வளவு சுலபமாக இந்த வீட்டில் ஒரு ஜன்னல் திரைகூட மாறியதில்லை.

"ஆனா ஒண்ணு. அந்த ரூம் யாருக்குன்னு இப்பவே தெளிவா சொல்லிடுங்க. நாளைக்கு உங்க சீட்டாட்டக் கூட்டாளிங்க வந்து உட்காரக் கூடாது."

"சேச்சே! நம்ம வம்சத்துக்கு மட்டும்தான். வேற ஒரு ஈ காக்கா உள்ள வராது."

"அப்போ ஒரு போர்டு எழுதி மாட்டுங்க. பென்சில்ல வேண்டாம், அழிச்சிடுவீங்க."

"பென்சிலா? யாருகிட்ட பேசறே? எனாமல்! நானே விக்கிற சரக்கு. இருபது வருஷத்துக்கு அசையாது."

அன்றைக்கே பலகையைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, காயவிட்டு, கறுப்பு எனாமலில் குண்டு குண்டாக எழுதினார்: 'இந்த அறை எங்கள் வம்சத்தாருக்கு மட்டும். மற்றவர்கள் உள்ளே வரக்கூடாது.' பக்கத்து வீட்டுத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமியார் வர்ற நேரத்துல இப்படி ஒரு போர்டா?" என்றார்.

"மெதுவாப் பேசுய்யா" என்றார் இவர்.

மறுநாள் நகராட்சி அலுவலகம் போனார். அங்கே பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்த கிளார்க் ஒரு பெரிய பதிவேட்டைத் தூசி தட்டித் திறந்தார். தும்மல் அடங்கினதும் கேட்டார்.

"தாத்தா பேர் என்ன?"

சொன்னார்.

"அவரோட அப்பா பேர்?"

"தெரியாதே."

"அவரோட தாத்தா?"

"அவருக்கும் அதே பேர்தான் இருக்கணும். எங்க வீட்டுல தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வைப்பாங்க."

"அடக் கடவுளே! இந்தப் பக்கத்துல மட்டும் அந்தப் பேர்ல ஏழு பேர் இருக்காங்க, சார். என்ன உத்தியோகம் பார்த்தாங்கன்னாவது தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

வாடின முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மனைவி முன்னறையில் நின்று, காலியாகக் கிடந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோடு போடற இலாகாவுல தேடிப் பாருங்களேன்" என்றாள்.

"ரோடா? எதுக்கு?"

"சும்மா தோணுச்சு. எதைப் பார்த்தாலும் பெயின்ட் அடிக்கணும்னு உங்க கை துறுதுறுங்குது. போன மாசம் என் அம்மிக்கல்லுக்கே அடிச்சீங்க. ரத்தத்துல இருக்கும்போல."

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அந்த இலாகாவின் பழைய கோப்புகளைத் தேடித்தான் கிளம்பினார். அது தன் சொந்த யோசனை என்று பஸ்ஸில் போகும்போதே முடிவுகட்டிக்கொண்டார்.

மாநில ஆவணக் காப்பகம் ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. வாசலிலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பென்சில் கொடுத்தார்கள். "மை பட்டா ஆவணம் போயிடும், சார்" என்றார் அதிகாரி அம்மாள். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்து, கொட்டாவி விட்டு, கடைசியில் சாலை இலாகாவின் பழைய ஊழியர் கோப்பு ஒன்று மேஜைக்கு வந்தது. தாத்தாவின் பெயர், தாத்தா பிறந்த ஊர், எல்லாம் பொருந்தியது. தாத்தாவின் அப்பாவும் அதில் இருந்தார். ஜட்ஜும் இல்லை, மந்திரியும் இல்லை. மைல்கல்லுக்கு வெள்ளையடித்து அதில் எண் எழுதுகிறவர்.

'ப்பூ' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கீழே மேலதிகாரி எழுதியிருந்த குறிப்பு கண்ணில் பட்டுவிட்டது. 'எழுத்து சுத்தம். தூரத்தை இதுவரை ஒருமுறையும் தப்பாக எழுதியதில்லை.'

பெயின்ட் கடைக்காரருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒரு மனிதர் கல்லில் எண் எழுதிக்கொண்டிருக்கிறார். பிரஷ்ஷை அவர் பிடித்த பிடி எப்படியிருந்திருக்கும் என்று இவருக்குத் தெரியும். அறையைக் காப்பாற்றத் தேடிப் போனவருக்கு நிஜமாகவே ஒரு கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். பென்சிலை எடுத்து அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி முன்னறைச் சுவரில் மரம் முளைத்தது. அடிமரத்தில் கொள்ளுத்தாத்தா. அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் இவருடைய தாத்தா. இளையவரைப் பற்றி இவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அந்தக் கிளையை மொட்டையா விடாதீங்க" என்றாள் மனைவி. "தேடறதுன்னா முழுசாத் தேடணும்."

தேடினார். இனி யார் சொல்லியும் நிறுத்த மாட்டார் போலிருந்தது. அதே இலாகாவில் வேலை பார்த்த சின்னத் தாத்தாவின் கோப்பில் அவரே கொடுத்த மனு இருந்தது: 'அண்ணன் வேலை பார்க்கும் ஊரில் எனக்கு வேலை வேண்டாம். தூரமாக எங்கேயாவது மாற்றுக.' என்ன சண்டையோ, யார் கண்டது? மாற்றலாகிப் போன ஊரின் பதிவேட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்ததில், அவருக்கு ஒரே மகள் பிறந்தது தெரிந்தது. அந்த மகளின் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. இறப்புப் பதிவில் பெயர் எங்குமே இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்தார். வாசலில் நின்றிருந்த தையல்காரரையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

"கேட்டியா? எங்கப்பாவுக்குத் தங்கச்சி முறையில ஒருத்தங்க இருந்திருக்காங்க. செத்ததா எந்த ரெக்கார்டும் இல்லை. அப்படின்னா உயிரோட இருக்காங்க! எனக்குச் சொந்த அத்தை!" என்று சொல்லிப் பெயரைப் படித்தார்.

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை படிங்க."

படித்தார்.

"கேக்க நல்ல பேராத்தான் இருக்கு" என்றாள். "சரி, அவங்க கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேனா? இந்த முன் ரூம்ல, இதோ என் சாய்வு நாற்காலியில உட்கார வைப்பேன். இது அவங்க ரூம்! வம்சத்துல என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவங்க."

"காலம் பூரா இருக்கேன்னு சொன்னா?"

"இருக்கட்டுமே! நான் மாடிக்குப் போயிடறேன்."

கிடைக்காத அத்தைக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாமே. அதோடு இப்படியொரு வாக்கு இருந்தால் மாமியாருக்கென்று முன்னறையைக் கேட்க மனைவிக்கு வாயே வராது. கொள்ளுத்தாத்தா மேல் வந்த பாசமும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்து அவரைக் கர்ணனாக்கிவிட்டன.

"தையல்காரரே, நீங்க கேட்டீங்கல்ல?" என்றாள் மனைவி.

"காது குளிரக் கேட்டேன், அக்கா."

"அப்போ அந்தப் பேரைச் சுவத்துல எழுதிடுங்க. பெருசா எழுதுங்க. என்ன பெயின்ட்?"

"எனாமல்!" என்றார் பெயின்ட் கடைக்காரர். சிவப்பு டப்பாவைத் திறந்து, முழம் நீளத்துக்கு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெட்டியோடு இறங்கினார். பெயின்ட் கடைக்காரர் முன்னறை வாசலில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அதாவது, வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"வாங்க அத்தை, வாங்க. பாருங்க, உங்களை இங்கதான் உட்கார வைக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை! ஆனா இந்தப் போர்டு..." என்று தலைக்கு மேலே காட்டினார்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போர்டைப் படித்தார். தலையாட்டினார். அப்புறம் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, என் பேரை எதுக்கு இவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கீங்க?"

"எந்தப் பேரை?"

"அதோ, செவப்புல."

பெயின்ட் கடைக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"அது... அது உங்க பேரா?"

"பின்ன யாரு பேரு?"

"என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

"நீங்க கேட்டாத்தானே?" என்றாள் மனைவி, சாவகாசமாக. "அத்தை அத்தைன்னே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிட்டீங்க. கல்யாணப் பத்திரிகையிலகூட எங்கப்பா பேர்தானே போட்டிருந்தது."

"அடிப்பாவி! உனக்குத் தெரிஞ்சிருக்கு!"

"தெரியாமயா? கல்லுக்குச் சாயம் அடிச்ச தாத்தா கதையை நான் பால்குடிக்கிற வயசுலேர்ந்து கேட்கிறேன். அண்ணன் தம்பி சண்டையில பிரிஞ்ச குடும்பம் சேரட்டும்னுதான் அம்மா உங்களுக்கு என்னைக் கொடுத்தாங்க. பின்ன, உங்க கடையில இருந்த ரெண்டு டப்பாவைப் பார்த்தா கொடுத்தாங்க?"

"கல்யாணத்தன்னைக்கே சொன்னேனே, மாப்பிள்ளை" என்றார் மாமியார். "நீங்களும் நல்லாத் தலையாட்டினீங்களே. மைக்செட் சத்தத்துல காதுல விழலையோ என்னவோ."

பெயின்ட் கடைக்காரர் சுற்றுமுற்றும் தேடினார். "தின்னர்..." என்று முனகினார். "பெயின்ட்டை அழிக்கிற அந்தத் தின்னர் டப்பா எங்கே?"

"எனாமலுங்க அது. இருபது வருஷம் அசையாது" என்றாள் மனைவி. மதில் சுவருக்கு மேலே தையல்காரரின் தலை தெரிந்தது. சாட்சி சொல்லத் தயாராக நின்றிருந்தார்.

வழி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. மாமியார் உள்ளே போய், சாய்வு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, அப்பாடா என்று காலை நீட்டினார். வெகுநேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெயின்ட் கடைக்காரருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எவ்வளவு கோபம் இருந்தால் என்ன, அந்த மைல்கல் மனிதரை நேரில் பார்த்த ஒரே ஜீவன் இதுதானே.

"எங்க தாத்தா இருந்தாரே, மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார் மாமியார்.

எத்தனை வருஷப் பழக்கம்! கேட்க வேண்டும் என்று மனசு நினைத்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு நீண்டது. ரேடியோ இருந்த இடத்தில் மாமியாருக்கு வைத்த தண்ணீர்ச் செம்பு இருந்தது.

"ரேடியோ எங்கடி?"

"அது நம்ம வம்சம் இல்லையேங்க" என்றாள் மனைவி. "காலையிலேயே உங்க தலையணையோட சேர்த்து மாடிக்கு ஏத்திட்டேன்."